ஆல்கரெக்ட் சுபேதார் போட்ட பூஜ்யம்

ஒரே ஒரு மனிதர் நினைத்தால் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதற்கும் ரத்தக்கொதிப்பை வரவழைக்க முடியும் என்பதை நான் ஆவடி சேக்காட்டில்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் பிளாட்ஸில் பதினாறு வீடுகள். கட்சி, கடவுள், குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்று எதிலுமே ஒத்துப்போகாத பதினாறு குடும்பங்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. ஆல்கரெக்ட்டைத் தாங்க முடியவில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. கதவில் பித்தளைப் பலகையில் இருந்தது. யாரும் படித்ததில்லை. ராணுவத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். "எப்படி இருக்கீங்க சார்?" என்று கேட்டால், குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து, "ஆல் கரெக்ட்!" என்பார். மோட்டார் எரிந்துபோய் பதினாறு வீட்டிலும் குளிக்கத் தண்ணீர் இல்லாத காலையிலும், அசோசியேஷன் செயலாளர் என்ற முறையில் அவர் தந்த பதில் "ஆல் கரெக்ட்! மெக்கானிக் கிளம்பிட்டான்." மழையில் பார்க்கிங் குளமாகி என் பைக்கின் சீட் மட்டும் மிதப்பது போலத் தெரிந்த அன்று, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மேலே பார்த்துக் கத்தினார். "ஆல் கரெக்ட்! ரெண்டு இஞ்ச் வடிஞ்சிருக்கு!"

ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவரிடம் கிடையாது. வீட்டு எண்தான். இரண்டாம் மாடியில் இருந்த நான் எஸ்-டூ. என் மனைவி எஸ்-டூ மேடம். பத்தாவது படிக்கும் என் மகள் எஸ்-டூ ஜூனியர். நான் இல்லாதபோது வந்த என் மாமனாரை, "எஸ்-டூ அட்டாச்டு" என்று வாட்ச்மேனிடம் அறிமுகப்படுத்தினார். மாமனார் இன்றுவரை அதை மறக்கவில்லை.

இன்னொன்று, அவர் உட்காரவே மாட்டார். மீட்டிங்கில் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்க, அவர் மட்டும் சுவரோரம் நின்றபடி தீர்மானம் வாசிப்பார். பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் பந்தியின் கடைசி இலைக்கு முன்னால் நின்றுகொண்டே சாம்பார், ரசம், மோர் வரை சாப்பிட்டு முடித்தார். பரிமாறியவர் பயந்துபோய் அவருக்கு இரண்டு முறை பாயசம் ஊற்றினார். நாங்கள் எல்லோரும் அதை ராணுவக் கட்டுப்பாடு என்றே நினைத்தோம். மேல்வீட்டு அப்பா ஒருவர் தன் பையனிடம், "பாருடா, இந்த வயசுல எப்படி நிக்கிறாரு. நீ நாள் பூரா சோபாவுல சரிஞ்சு கெடக்குற" என்று அவரைக் காட்டியே திட்டுவார்.

உண்மையை எனக்குச் சொன்னது அவர் மனைவி காஞ்சனா அக்கா. எனக்கு அம்பத்தூரில் ஐ.டி. வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே பார்ப்பேன். அப்படி ஒரு நாள் கதவைத் தட்டி உள்ளே வந்தார். கையில் பெரிய ஆஸ்பத்திரி ஃபைல்.

"அவரால உக்கார முடியாது தம்பி. மலைப்பாதையில லாரி கவுந்து இடுப்புல அடி. பத்து நிமிஷம் உக்காந்தா இடுப்புலேருந்து குதிகால் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி இழுக்குதாம். அவரு சொல்லல. இந்த ஃபைலைப் படிச்சுத்தான் எனக்கே தெரியும்."

"உங்ககிட்டகூட சொல்லலையா?"

"கேட்டா ஆல் கரெக்டாம்." சொல்லிவிட்டு ஃபைலின் ஓரத்தை நீவினார். "ரெண்டு பேரும் சேந்து உக்காந்து ஒருவேளை சாப்பிட்டு வருஷக் கணக்காவுது தம்பி. அவரு நின்னு சாப்பிடும்போது நான் மட்டும் எப்படி உக்கார்றது? நானும் சமையல் மேடைகிட்டயே தட்டை வெச்சுக்கிட்டு நின்னுடறேன்."

இன்னொரு ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையைக் கூட்டினால் வயிறு தாங்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டாராம். வலியோடு வாழ மனதைப் பழக்க வேண்டும், முன்னாள் ராணுவத்தினருக்கென்றே மனநல ஆலோசகர்கள் ஆன்லைனில், தமிழிலேயே, ஒரு பயிற்சி நடத்துகிறார்கள், அதில் சேருங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார். சுபேதார் அந்தச் சீட்டைப் பார்த்து, "இடுப்புலயும் ஒண்ணும் இல்ல, தலையிலயும் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டாராம்.

என்னைப் பேசிப் பார்க்கச் சொன்னார் அக்கா. போய் நின்றேன். நின்றுகொண்டிருந்தவர், "என்ன எஸ்-டூ?" என்றார். நான் சீட்டைப் படித்தேன். 'எட்டு வாரப் பயிற்சி' என்ற இடம் வந்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"கோர்ஸா?"

"ஆமா சார்."

"இதை ஏன் முதல்லயே சொல்லல? நான் என்னமோ வைத்தியம்னு நினைச்சேன். கிரேடிங் உண்டா?"

ராணுவத்தில் கோர்ஸ் என்றால் மார்க் உண்டு, கிரேடிங் உண்டு, நல்ல கிரேடிங் வாங்கினால் யூனிட்டுக்கே பெருமை என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்கு ஆபீஸ் மீட்டிங்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "இருக்கும் சார்" என்று சொல்லித் தொலைத்தேன். பிறகு நடந்த அத்தனைக்கும் இந்த ஒரு பொய்தான் காரணம். பழியில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அவர் மகன் வாங்கி அனுப்பிய லேப்டாப் பிரிக்காத பெட்டியில் இருந்தது. அதைப் பிரித்து, இணைப்புக் கொடுத்து, எங்கே வைப்பது என்று பார்த்தேன். மேசையில் வைத்தால் உட்கார வேண்டும். ஆகவே அவர் கட்டளைப்படி ஃபிரிட்ஜ் மேல் வைத்தோம். அவர் உயரத்துக்கு அது சரியாக இருந்தது. என் உயரத்துக்கு நான் முக்காலி போட்டு ஏறி நின்று டைப் அடிக்க வேண்டியிருந்தது. காஞ்சனா அக்கா பால் எடுக்க வரும்போதெல்லாம் நான் இறங்கி வழிவிட வேண்டும்.

சேர்க்கைப் படிவமே என்னை வேர்க்க வைத்தது. "சார், 'வலியினால் கடந்த இரண்டு வாரங்களில் உங்களுக்கு நம்பிக்கை இழந்த...'"

"இல்லை."

"முழுசாப் படிக்கிறேன் சார். 'நம்பிக்கை இழந்த உணர்வு எவ்வளவு அடிக்கடி...'"

"இல்லைன்னு போடுப்பா. அடுத்தது."

"'உங்கள் பெயர்?'"

"இல்... ஆங், எழுது."

முதல் வாரப் பாடம் மூச்சுப் பயிற்சி. ஒரு பெண் குரல், தூளியில் குழந்தையைப் போட்டு ஆட்டுவது போன்ற இதமான குரலில், "மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள், தோள்களைத் தளர விடுங்கள்" என்று சொல்லும். கேட்ட எனக்கே கண் சொருகியது. சுபேதார் அதை இரண்டு முறை கேட்டார். மறுநாள் காலை ஐந்தரைக்கு மொட்டை மாடியில் பிளாட்ஸ் ஆண்கள் ஒன்பது பேரை வரிசையில் நிறுத்திவிட்டார். எப்படி என்று கேட்காதீர்கள். அவர் காலிங் பெல் அடித்து, "மாடிக்கு!" என்று சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்பதற்குள் நாம் மாடியில் இருப்போம்.

"ஸ்குவாட்! மூச்சு உள்ளே... இழு! வெளியே... விடு! ஜி-த்ரீ, உன்னைத்தான்யா, அதுக்குள்ள ஏன் விடற? தோளைத் தளர... விடு! டைட்டா இருக்கு, இன்னும் தளர விடு! மனசு அமைதியா... இரு!"

ஜி-த்ரீ வங்கி அதிகாரி. சர்க்கரை வியாதிக்காரர். மனசு அமைதியாக இருக்கச் சொன்ன அதட்டலில் அவருக்குச் சர்க்கரை எகிறி, அன்று லீவு போட்டுவிட்டார்.

இரண்டாவது வாரம் வந்தது இன்னும் பெரிய சோதனை. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், வலி வரும் முன்பே நிறுத்திவிடுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வெடுங்கள் என்று பாடம். நல்ல பாடம்தான். ஆனால் சுபேதார் போனில் பத்து நிமிட அலாரம் வைத்துக்கொண்டார். அது அடித்ததும் இருக்கும் இடத்திலேயே, எடுத்த காலைக்கூட முழுசாக வைக்காமல், நின்றுவிடுவார். ஐந்து நிமிடம் அசையமாட்டார். சேக்காடு கடைத்தெருவில் ஒரு முறை அப்படி நின்றபோது, ஷேர் ஆட்டோக்காரர்கள் யாரோ முக்கியஸ்தர் வருகிறார் என்று நினைத்துத் தாங்களும் நிறுத்திவிட்டார்கள். மாடிப்படி நடுவில் நின்றார், நாங்கள் வரிசையாகப் பின்னால் நின்றோம். எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு கேட்டுக்கு நேர் நடுவில் அலாரம் அடித்தது. உள்ளே மூன்று கார், இரண்டு ஸ்கூல் வேன் பிள்ளைகள், நான். வெளியே தண்ணீர் கேன் வண்டி.

"சார், கொஞ்சம் நவுந்துக்கோ சார். ஓரமா நின்னுகினு ரெஸ்ட் எடுத்தா இன்னா?" என்றார் கேன் போடுகிறவர்.

"பாடத்துல ஓரமான்னு சொல்லல. நிறுத்துன்னுதான் சொல்லியிருக்கு."

"நீ நிறுத்திக்கோ சார், நான் யாவாரத்தை நிறுத்த முடியுமா? பத்து ஊட்டுல தண்ணி இல்லாம கெடக்குறாங்கோ."

"இன்னும் மூணு நிமிஷம் நாப்பது செகண்ட்."

பின்னாலிருந்து ஹாரன். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அன்று ஆபீஸில் என் மேலாளரிடம் தாமதத்துக்குக் காரணம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் எனக்கே நம்பிக்கை போய், பைக் பஞ்சர் என்று முடித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் எண்ணக் குறிப்பேடு. வலி வரும்போது மனதில் என்ன எண்ணம் ஓடுகிறதோ அதை மறைக்காமல் எழுத வேண்டும். அவர் சொல்லச் சொல்ல, முக்காலியில் நின்று நான் அடிக்க வேண்டும்.

"எழுது. காலை ஏழு பத்து. எஸ்-டூ தன் பைக்கை மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிறுத்தியுள்ளார்."

"சார், இது எண்ணமா?"

"என் மனசுல இதான் ஓடுது. மறைக்காம எழுதச் சொல்லியிருக்காங்க. அடுத்தது. மாலை ஆறு. எஸ்-டூ வீட்டுத் துணி கொடியிலிருந்து சொட்டுகிறது. மூன்றாவது எச்சரிக்கை."

என்னைப் பற்றிய புகாரை நானே பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை வீடியோ கூட்டத்தில் ஆலோசகர் நிவேதிதா மேடம் மிகுந்த கவலையோடு கேட்டார். "சார், இந்த எஸ்-டூ யாருங்க? உங்க மன உளைச்சலுக்கு அவர்தான் பெரிய காரணம்னு தெரியுது. அவர்கிட்டேருந்து கொஞ்ச நாள் தள்ளி இருக்க முடியுமா?"

"முடியாது மேடம். அவன்தான் டைப் அடிக்கிறான்."

திரையில் இருந்த மேடமும், அவரோடு பயிற்சியில் சேர்ந்திருந்த மற்ற ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் முக்காலியிலிருந்து கும்பிட்டேன்.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது பூஜ்யம்.

தினமும் காலையில் வலி அளவைப் பதிவு செய்ய வேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியவில்லை. இதை வைத்துத்தான் யாருக்கு என்ன பயிற்சி என்று அவர்கள் முடிவு செய்வார்கள். முதல் நாள் கேட்டேன். "ஜீரோ" என்றார். பத்து நிமிடம் முன்னால்தான் அவர் பால் பாக்கெட்டோடு படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்றதைப் பார்த்திருந்தேன். நெற்றியெல்லாம் வியர்வை.

"சார், இப்பதானே படியில..."

"அது வெயில்."

"மணி ஆறு சார்."

"எஸ்-டூ, நீ சிவிலியன். உனக்குப் புரியாது. யூனிட்ல உடம்பு சரியில்லைன்னு ரிப்போர்ட் பண்ணா டாக்டர் ஒரு மாத்திரையைக் குடுத்து, டியூட்டிக்குப் போன்னுவாரு. சாயங்காலத்துக்குள்ள நடிக்கிறான்னு பேரு யூனிட் முழுக்கப் பரவிடும். காலையில பரேடுல நின்னு, எல்லாம் சரின்னு ரிப்போர்ட் குடுக்குறவன்தான் ஆளு. ஜீரோ போடு. கிரேடிங்ல அதான் டாப்."

கிரேடிங் எதுவும் இல்லை என்று அன்றைக்கே ஒப்புக்கொண்டிருக்கலாம். கோழைத்தனம். போட்டேன்.

அந்தக் குழுவில் அவரையும் சேர்த்து ஏழு பேர். வேலூர்ப் பக்கம் ஒருவர், தேனியில் ஒருவர் என்று ஆளுக்கொரு ஊர். அத்தனை பேரும் பதவியில் அவருக்குக் கீழே இருந்தவர்கள். முதல் கூட்டத்திலேயே, "சுபேதார் சாப்!" என்று ஆறு கட்டத்திலும் ஆறு பேர் விறைத்து நின்றதில் மேடமே கொஞ்சம் மிரண்டுபோனார். அன்றே சுபேதார் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டார். காலை ஐந்தரைக்கு அவர் முதலில் போடுவார்: "0. ஆல் கரெக்ட்." ஆறு மணிக்குள் வரிசையாக ஆறு பூஜ்யங்கள் வந்து விழும். அதன் பிறகுதான் அவரவர் பயிற்சி இணையதளத்தில் பதிவார்கள். ஒரு பூஜ்யம்கூடப் பிசகியதில்லை.

நான்காவது வாரம் வெள்ளிக்கிழமை பயிற்சிக்காரர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நான்தான் வாசித்தேன். உங்கள் குழுவில் எல்லோருக்கும் வலி முற்றிலும் நீங்கிவிட்டதாகப் பதிவாகியிருப்பதில் மகிழ்ச்சி. மீதி நான்கு வாரங்கள் தேவைப்படாது என்று கருதுகிறோம். நாளைய கூட்டத்தில் உங்கள் ஒப்புதலோடு இந்தக் குழுவை நிறைவு செய்து, காத்திருக்கும் மற்றவர்களுக்கு இடம் தரலாம்.

"எட்டு வாரக் கோர்ஸ், நாலு வாரத்துல முடிச்சிட்டோம்!" சுபேதார் ஃபிரிட்ஜைத் தட்டினார். உள்ளே பாட்டில்கள் குலுங்கின. "காஞ்சனா, கேசரி பண்ணு!"

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கேசரிக்கு ரவையும் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் லேப்டாப்பை மூடக் கிளம்பிய நேரம் காலிங் பெல் அடித்தது. வாசலில் செக்யூரிட்டி சீருடையில் ஒருவர். குழுவில் இருந்த முருகேசன், ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்தவர். மண்ணூர்பேட்டையில் சொந்த வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை கேட்டில் வேலை. திரையில் முகம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஒரு மாடி ஏறியதற்கே சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினார். சுபேதாரைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு சல்யூட் அடித்தார்.

"உக்காரு முருகேசா."

"பரவால்ல சாப். நீங்க நின்னுகினு கீறீங்க."

ஹாலில் மூன்று பேர் உட்காரும் பெரிய சோபா. அதன் இரு பக்கமும் இரண்டு பேர் விறைப்பாக நின்றார்கள். ஒருவர் உட்கார முடியாதவர், இன்னொருவர் அவர் நிற்பதால் உட்காரக் கூடாதவர். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாப், ஒரு ரிக்வெஸ்ட். நாளைக்குக் கோர்ஸை மூடறாங்கன்னு மெயில் வந்துகீது. மூட வாணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க சொன்னாக் கேப்பாங்கோ."

"எதுக்கு? எல்லாருக்கும் ஜீரோ ஆச்சே. உனக்கும் ஜீரோதானே?"

முருகேசன் தரையைப் பார்த்தார்.

"பன்னெண்டு மணி நேரம் கேட்டுல நிக்கிறேன் சாப். முட்டியில ஆணி அடிக்கிற மாதிரி வலிக்குது. அந்த மேடம் குரல்ல மூச்சு விடறதைக் காதுல மாட்டிகினு நின்னாத்தான் ஷிப்டு ஓடுது. அதுவும் இல்லன்னா வேலைய உட்ருவேன். ரெண்டு பொண்ணு படிக்குது."

"அப்ப பொய் ரிப்போர்ட் குடுத்தியா?" சுபேதார் குரலில் ஜன்னல் அதிர்ந்தது. "இருபத்தாறு நாளா பொய் ரிப்போர்ட்டா?"

"நீங்க ஜீரோ போட்டுகீறீங்களே சாப். லாரி கவுந்து இடுப்பு உடைஞ்ச நீங்களே ஜீரோன்னா, நான் முட்டிக்கு இன்னாத்தப் போடறது? நான் மட்டும் இல்ல சாப். வேலூர்க்காரரு, தேனிக்காரரு, அல்லாரும் அப்படித்தான். உங்க நம்பரப் பாத்துட்டுத்தான் போடறோம்."

சுபேதார் சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நான்தான் பேசினேன். நான்கு வாரமாக முக்காலியில் நின்ற கால் வலி, சொட்டும் துணி, கேட்டில் நின்ற அந்தத் திங்கட்கிழமை எல்லாம் சேர்ந்து வந்தது.

"போதும் சார்! ஏழு பேரு வலியை ஒளிச்சு வெச்சுக்கிட்டு ஒருத்தருக்கொருத்தர் சல்யூட் அடிச்சிட்டிருக்கீங்க! நான் லூசு மாதிரி அதை உக்காந்து... நின்னு டைப் அடிச்சிட்டிருக்கேன்! கிரேடிங்கும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது! நான் சொன்னது பொய்! நீங்க போடற ஜீரோவைப் பாத்துத்தான் இந்த மனுஷனோட வேலையே போகப்போவுது. அக்கா இருக்காங்களே, அவங்க எத்தனை வருஷமா நின்னுக்கிட்டே சாப்பிடறாங்க தெரியுமா?"

சொல்லி முடித்ததும் எனக்கே பயமாகிவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வா, எஸ்-டூ" என்றார். அவ்வளவுதான். முருகேசனைக் கீழே வரை கொண்டுவிட்டு வந்தேன். இவர் என்ன செய்வார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

சனிக்கிழமை பதினோரு மணி. ஃபிரிட்ஜ் மேல் லேப்டாப். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சுபேதார். திரையில் ஏழு கட்டம், நடுவில் மேடம். முருகேசன் கேட்டுக்குப் பக்கத்து அறையில் தொப்பியோடு.

"எல்லாருக்கும் வாழ்த்துகள்" என்று தொடங்கினார் மேடம். "கடைசியா ஒருமுறை, இன்னிக்கு அளவை நீங்களே வாயால சொல்லிடுங்க. நான் குறிச்சுக்கிட்டு முடிச்சிடறேன். சுபேதார் சார், உங்ககிட்டேருந்து ஆரம்பிக்கலாமா?"

அவர் குதிகாலைச் சேர்த்தார். அந்த வார்த்தை வாய் வரை வந்துவிட்டது என்று தெரிந்தது, உதடு அதற்குக் குவிந்தும்விட்டது. நிறுத்திக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"மேடம், இதுவரைக்கும் குடுத்த ரிப்போர்ட் தப்பு. இருபத்தாறு நாளும் தப்பு. பொறுப்பு என்னோடது. மத்தவங்க மேல நடவடிக்கை வேணாம்."

"சரிங்க சார்" என்றார் மேடம் மெதுவாக. "அப்போ இன்னிக்கு எவ்வளவு?"

"ஏழு." சற்று நின்று, "திருத்தம். காலையில ஏழு. இப்ப எட்டு" என்றார்.

பிறகு வேலூர்க்காரர், "ஆறு, சாப்" என்றார். தேனிக்காரர், "ஏழுங்க. நைட்டு படுக்கவே முடியலீங்க" என்று சொல்லி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். முருகேசன் முறை வந்ததும் தயங்கினார்.

"சாப்... எனக்கு ஒம்போது. மன்னிச்சிக்கோங்க சாப், உங்களைவிட ஒண்ணு ஜாஸ்தியாப் போச்சு."

"மன்னிப்பு எதுக்குடா? ஒம்போதுன்னா ஒம்போது! நிமிந்து சொல்லு!"

"ஒம்போது சாப்!"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழுவை மூடப்போவதில்லை என்றும், இதுவரை நடந்ததைக் கணக்கில் வைக்காமல் திங்கட்கிழமையிலிருந்து முதல் பாடத்தை மறுபடி தொடங்குவோம் என்றும் சொன்னார். முருகேசன் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

சுபேதாருக்கு மட்டும் முகம் தொங்கிப்போயிற்று. "ரெலிகேட் பண்ணிட்டாங்க" என்றார் என்னிடம். கோர்ஸில் தேறாதவனை மறுபடி முதலிலிருந்து படிக்க வைப்பதாம். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல ஒரு தடவைகூட ரெலிகேட் ஆனதில்ல எஸ்-டூ." எனக்கு அவரைவிட அதிகமாகத் தலை சுற்றியது. மறுபடி எட்டு வாரம். மறுபடி மொட்டை மாடி. மறுபடி என் துணி, என் பைக்.

லேப்டாப்பை மூடிவிட்டுத் திரும்பினேன். காஞ்சனா அக்கா பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது, குரலில் கோபம்.

"எட்டா?"

"ம்."

"இத்தனை வருஷம் கேட்டேனே. என்கிட்ட ஒரு நம்பர் சொல்லக் கூடாதா?"

அக்கா சோபாவைக் காட்டினார். "உக்காருங்க. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. எனக்குக் கேக்கணும்."

உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அங்கே என்ன வேலை, கிளம்பலாம் என்று செருப்பைத் தேடினேன். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"வலிக்குது காஞ்சனா" என்றது அந்தக் குரல். பரேடுக் குரல் இல்லை. அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பதே எங்கள் பிளாட்ஸில் யாருக்கும் தெரியாது. பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"எஸ்-டூ, எழுந்திரிக்க முடியல. கை குடு."

இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். முழு பாரத்தையும் என் மேலேயே போட்டுக்கொண்டு, என் தோளில் நெற்றி படும்படி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். நல்ல கனம். ஆபீஸ் போன் பாக்கெட்டில் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. எடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.